புல்லால் தொட்டுப் பார்த்தல்

டுவேன் போஸ்பிசிலின் காளை
இந்தக் கோடையில் நான்காம் முறையாக
என் நிலத்தில் நிற்கிறது,
காலை ஐந்தே முக்காலுக்கு,
மூடுபனியில் யாரோ இறக்கிவைத்துப் போன
வெள்ளை பிரிட்ஜ் மாதிரி.

முள்கம்பி ஐந்து இழை.
அது கழுத்தைச் சாய்த்தால்
தூண்கள் மரியாதையாகக் குனிகின்றன.

நெப்ராஸ்காவில் வழக்கம் இது:
எல்லையின் நடுவில் எதிரெதிரே நின்று
அவரவர் வலக்கைப் பக்கத்து வேலியை
அவரவர் பார்த்துக்கொள்வது.
காளைக்கு வலம் இடம் தெரியாது.

என் கிடேரிகள் பதினேழு.
பதினோரு மாதம். இடுப்பு விரியவில்லை.
போன மார்ச்சில் ஒருத்திக்கு
அப்பனைப் போலவே தலை பெருத்த கன்று.
நானும் டாக்டர் ஹ்லாவச்சும்
சங்கிலி மாட்டி இழுத்தோம்,
இரவு இரண்டிலிருந்து நாலரை வரை.
கன்றின் நாக்கு நீலம்.
தாய் விடியும்வரை இருந்தாள்.

டுவேன் ஒரு செக் அனுப்பினார்.
மாற்றவில்லை. கிழிக்கவும் இல்லை.
பிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்,
இன்னும் இருக்கிறது.

கூட்டுறவுக் கடையில்
அரை மைல் கம்பி வாங்கினேன்,
மஞ்சள் இன்சுலேட்டர் இருநூறு,
சூரிய ஒளியில் ஓடும் ஒரு பெட்டி.
ஒன்பதாயிரம் வோல்ட், என்றான் கடைப்பையன்,
ஆனா உங்க மண்ணு மணல், வெர்னா,
அதுக்கு ஈரம் வேணும்.

மின்சாரம் கம்பியில் போய்
காளையின் மூக்கில் ஏறி
நாலு குளம்பிலும் இறங்கி
நிலத்துக்குள்ளே நடந்து
நான் அடித்துவைத்த இரும்புக் கழிக்கு
வீடு திரும்ப வேண்டும்.
மண் காய்ந்தால் வழி மறந்துவிடும்.

ஆகவே தினமும் சாயங்காலம்
மூன்று கழிக்கும் ஒவ்வொரு வாளி.
டுவேன் வண்டியை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினார்.
"என்ன நட்டிருக்கே?"
"இரும்பு" என்றேன்.
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதல் அடி ஒரு புதன்கிழமை.
ஈர மூக்கு, ஒரு சொடக்கு,
தொள்ளாயிரம் கிலோவும் ஒருகணம்
தரையில் இல்லை.
அப்புறம் அது கம்பியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தது.

ஓணான் இல்லாத ஊர்.
இந்த வேலிக்குச் சாட்சி
தூணில் உட்கார்ந்திருந்த புல்வெளிக் குருவி.
அது பறந்துவிட்டது.

மூன்று வாரம் நிம்மதி.
கம்பி டிக், டிக் என்று
என் தூக்கத்தை எண்ணியது.

ஆகஸ்ட் கடைசியில்
காதில் நாற்பத்திரண்டு தொங்கும் கிடேரி
பருவத்துக்கு வந்து
ராத்திரி முழுக்கக் கத்தினாள்.
விடியலில் கம்பியில் முட்டினாள்.
அடி விழுந்தது.
அடி விழுந்தால் மாடு பின்னால் போகும்
என்று பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் படித்திருந்தேன்.
அவள் அதைப் படித்ததில்லை.
முன்னால் பாய்ந்தாள்.

இப்போது என் மாடு அவர் நிலத்தில்.
அந்த எண்ணை
ஐந்து மாதம் கழித்து அழுத்தினேன்.

டுவேன் வந்தபோது
ஆகவேண்டியது ஆகியிருந்தது.
காளை தலை தாழ்த்தி மேய்ந்தது, ஒன்றும் தெரியாததுபோல்.
"ஊசி இருக்கு" என்றேன். "பத்து நாள் கழிச்சு ஹ்லாவச் போடுவார்."
"அந்த செக்கை மாத்து.
செப்டம்பர் வந்தா வெறும் காகிதம்."
நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து ஒரு நீளப் புல்லைப் பறித்து
நுனியைக் கம்பிமேல் வைத்தார்.
நீளமாக வைத்தால் மெல்லத் தட்டும்,
யாரோ கதவைத் தட்டுவதுபோல.
அவர் புல்லை நகர்த்தினார்.
கம்பிக்கும் விரலுக்கும் இடையே
ஒரு சாண்,
நாலு விரல்,
இரண்டு.
தோள் துள்ளியது. கையை எடுக்கவில்லை.
இன்னொரு டிக்குக்கும்
இருந்தார்.

"நல்லா அடிக்குது" என்றார்.

மார்ச்சைப் பற்றி
அவர் பேசியது அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டை ஓட்டிக்கொண்டு
கேட்டைத் தாண்டி வந்தேன்.
கழிகளைச் சுற்றி மண் வெளுத்திருந்தது.
வாளியை எடுக்கப் போனேன்.